புதினாவுக்குத் தனித் தொட்டி

அந்தக் காலத்தில், ஊருக்குள் மாடி வீடுகள் முளைக்கத் தொடங்கிய புதிதில், செடிகளுக்கும் பறவைகளுக்கும் மண்ணுக்கும்கூட மனிதர்களைப் போலவே பேச்சு இருந்தது. புதினாவுக்கு மற்றச் செடிகளைப் போல ஒரே ஒரு வேர்தான் இருந்தது. இன்றைக்கு அதைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கதையைக் கேளுங்கள்.

நாலாம் மாடியில் ஞானசுந்தரி என்று ஒருத்தி குடியிருந்தாள். செலவில் சிக்கனம், பேச்சில் தாராளம். ரசத்தில் கிள்ளிப் போட நாலு தழை வேண்டுமென்றாலும் நாலு மாடி இறங்கி ஏற வேண்டியிருந்ததால், பால்கனியிலேயே வளர்த்துக்கொள்வதென்று முடிவு செய்தாள். துணி அலசும் டப்பு ஒன்று அடியில் விரிசல் விட்டுக் கிடந்தது. தண்ணீர் வடிய அதுவே போதும். மண்ணைப் பையில் சுமந்து வந்து நிரப்பினாள். சந்தையில் வாங்கிய புதினாக் கட்டிலிருந்து வேரோடு இருந்த ஒன்றை ஊன்றினாள். சாம்பார்ப்பொடிக்கு வைத்திருந்த மல்லியில் ஒரு பிடி எடுத்து, இரண்டிரண்டாக உடைத்துப் பக்கத்திலேயே தூவினாள். முளைத்தது ஒன்றே ஒன்று. மீதியைப் புறா பொறுக்கிவிட்டது.

"ஒரு டப்பு மண்ணுக்கே எனக்கு மூச்சு வாங்குது. ரெண்டு பேரும் ஒத்துமையா இருந்துக்கோங்க" என்றாள் ஞானசுந்தரி.

ஒற்றுமைக்கு ஒரு குறையும் இல்லை. மல்லி புதினாவை அக்கா என்று கூப்பிட்டது. ஆனால் புதினாவுக்குத்தான் நிம்மதியே இல்லை. அது வயலில் பிறந்தது. யாரோ ஒரு கை இழுத்த இழுப்பில் மண்ணை விட்டுப் பிடுங்கப்பட்டு, கூடப் பிறந்தவர்களோடு கட்டாகச் சந்தைக்கு வந்தது. அவர்கள் ஒவ்வொருவராக வாடியதைப் பக்கத்திலிருந்து பார்த்தது. இப்போதோ நாலு மாடி உயரம். பால்கனிக் கம்பி இடுக்கில் குனிந்து பார்த்தால் தெரு கையகலம்தான் தெரியும். பார்க்கும்போதெல்லாம் அதற்குத் தண்டு நடுங்கும்.

"மல்லி, இருக்கியா?"

"இருக்கேன்க்கா."

கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். "கண்ணு, இருக்கியா?"

"இங்கதான இருக்கேன்! வேரோட எங்கக்கா எழுந்து போவேன்?"

மல்லிக்குச் சிரிப்பு. புதினாவுக்குச் சிரிப்பு வராது.

ஒரு நாள் காலையில் புறா வந்து கம்பியில் உட்கார்ந்தது. நல்ல சேதி என்றால் அதற்கு வழியிலேயே மறந்துபோகும்.

"புயல் வருதாம். மத்தியானமே கரையத் தொடுமாம். போன தடவ எதிர் வீட்டு ரோஜாத் தொட்டி தெருவுல போய் விழுந்து சிதறிச்சே, ஞாபகம் இருக்கா?" என்றது.

புதினாவுக்கு உயிரே போய்விட்டது. ஞானசுந்தரியைக் கூப்பிட்டுச் சொன்னது. அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "மெழுகுவத்தியும் பாலும் வாங்கிட்டு ஓடி வந்துடறேன். வந்ததும் உங்க ரெண்டு பேரையும் உள்ள வெச்சுடறேன்" என்று இறங்கிப் போனாள். அவள் கடைக்குப் போய்ச் சேர்வதற்கும் மழை கொட்டுவதற்கும் சரியாக இருந்தது. கொஞ்ச நேரத்திலேயே தெருவில் இடுப்பளவு தண்ணீர். கடை வாசலிலேயே மாட்டிக்கொண்டாள்.

மேலே காற்று ஆரம்பித்தது. துணிக்கொடியில் கிடந்த துண்டு பறந்தது. காலி வாளி உருண்டு கம்பியில் மோதியது. மல்லியின் மெல்லிய தண்டு மண்ணைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.

"மண்ணே, எனக்கு இன்னும் வேர் குடு! இவளப் பிடிச்சுக்கணும்" என்று கதறியது புதினா.

மண் மெதுவாகத்தான் பேசும். "கேட்டா தருவேன். ஆனா குடுத்தத நான் திருப்பி வாங்கறதில்ல. யோசிச்சுக்கோ."

"திருப்பித் தரவே வேணாம்! குடு!"

புதினா படுத்து மண்ணோடு ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டது. பத்து, இருபது, நூறு. அத்தனையும் மண்ணுக்குள் ஓடி மல்லியின் ஒற்றை வேரைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தன.

"அக்கா, இறுக்குது. கொஞ்சம் விடேன்."

"காத்து அடங்கட்டும் கண்ணு."

"தண்ணி குடிக்க முடியலக்கா..."

"இன்னும் கொஞ்ச நேரம். அசையாத."

சாயங்காலம் காற்று அடங்கியது. ஈர மண்ணின் கனத்தில் டப்பு வைத்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதன் பின்னால் ஒடுங்கியிருந்த புறா சிறகை உதறிக்கொண்டு வெளியே வந்தது.

"மல்லி, இருக்கியா?" என்று கேட்டது புதினா.

மறுபடியும் கேட்டது. பதில் இல்லை.

நனைந்து, மூச்சிரைக்க வந்த ஞானசுந்தரி, தலை தொங்கிக் கிடந்த மல்லியைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். விரலால் மண்ணைக் கிளறினாள். வெள்ளை வேர்கள் பின்னிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தாள், வரவில்லை. "விடுடி! போதும், விட்டுடு!" என்று அழுதாள். புதினாவுக்கும் விடத்தான் ஆசை. விடுவது எப்படியென்று அதற்குத் தெரியவில்லை.

மறுநாள் அதை உடைந்த வாளி ஒன்றில் தனியாக நட்டுவிட்டு, டப்பில் புதிதாக மல்லி விதைத்தாள். புது மல்லி முளைத்து, "அக்கா, நீங்க யாரு?" என்று கேட்டது. புதினா வாயே திறக்கவில்லை. பிறகு எப்போதும் திறக்கவில்லை.

அன்று முதல்தான் புதினாவைத் தனித் தொட்டியில் வைக்கிறார்கள். கிள்ளிப் போட்ட தண்டுகூட ஈர மண் பட்டால் போதும், பயந்துபோய் வேர் விட்டுக்கொள்கிறது. தனியாக வைத்தாலும் அதன் கொடி ஒன்று விளிம்பைத் தாண்டி இறங்கி, பக்கத்துத் தொட்டி வரை மெல்லப் போய்ப் பார்க்கும். இருக்கியா என்று கேட்கத்தான் போகிறது, பாவம். இருந்தாலும் அதை எடுத்து, மடக்கி, அதன் தொட்டிக்குள்ளேயே விட்டுவிட வேண்டியிருக்கிறது.