பெண் தூக்கணாங்குருவி ஏன் கூட்டை இழுத்துப் பார்க்கிறது?

பறவைகளுக்கெல்லாம் பேச்சு வாய்த்திருந்த அந்தக் காலத்தில், தூக்கணாங்குருவிகள் பாட்டைக் கேட்டுத்தான் துணை தேடின. ஆண் பாடும். பெண்ணுக்குப் பிடித்துவிட்டால் சேர்ந்துகொள்ளும். கூடு கட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏரிக்கரைப் பனையில் வரகன் என்ற ஆண்குருவி இருந்தான். சிறுமணி என்ற பெண்குருவியின் மேல் அவன் உயிரையே வைத்திருந்தான். அவளுக்காகவே ஒரு பாட்டுக் கட்டினான்.

"நெல்மணி நிறத்தாளே, நீ வந்து அமர்ந்தால் கதிர்கூடத் தலைசாயாதே!"

சிறுமணி தலையைச் சாய்த்துக் கேட்பாள். பதில் சொல்லாமல் பறந்துவிடுவாள். வரகன் மறுநாளும் பாடுவான்.

திடீரென்று அவள் பனைப்பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். வரகன் வயலில் அவளைப் பிடித்துக் கேட்டான்.

"எனக்கு வேறொருவர் பாடுகிறார், வரகா" என்றாள் அவள். "மலைக்கு அப்பாலிருந்து வந்தவர். புயலில் சிறகு ஒடிந்து சூரைமுள் புதருக்குள் கிடக்கிறார்."

"முகத்தைப் பார்த்தாயா?"

"காயத்தோடு என் முன்னால் வர வெட்கமாம். சிறகு கூடியதும், அறுவடையே ஓயாத தன் நாட்டுக்கு என்னைக் கூட்டிப்போவாராம்."

வரகனுக்கு வயிறு பற்றி எரிந்தது. தனக்கு ஒரு புழுகூடக் கொண்டுவராதவள், அந்தப் புதருக்குக் கொழுத்த வெட்டுக்கிளியாகப் பார்த்துச் சுமந்துபோனாள். பிறகு, பிறக்கப்போகும் குஞ்சுகளுக்கென்று அவள் சேர்த்துவைத்திருந்த இலவம்பஞ்சும் அங்கே போனது. வரகன் ஏரித் தண்ணீரில் தன்னைப் பார்த்துக்கொண்டான். குட்டைக் கழுத்து, தடித்த அலகு. அந்தப் புதர்க்காரனுக்கு நீண்ட வால் இருக்குமோ? பளபளக்கும் கொண்டை இருக்குமோ? நினைக்க நினைக்க இரை இறங்கவில்லை.

பொறுக்க முடியாமல் ஒருநாள் புதருக்கு அருகே ஒளிந்திருந்து கேட்டான்.

"நெல்மணி நிறத்தாளே, நீ வந்து அமர்ந்தால்..."

அவனுடைய பாட்டு! அவன் மூச்சு வாங்கும் இடத்தில் அந்தக் குரலும் மூச்சு வாங்கியது. தான் பாடியபோது உருகாதவள், அதே பாட்டுக்கு இங்கே கண்மூடிக் கிறங்கி நின்றாள். அதுதான் அவனை அதிகம் சுட்டது.

"அது நான் கட்டிய பாட்டு! அவன் திருடன்!" என்று அவளை வழிமறித்துக் கத்தினான்.

"பொறாமையில் பேசாதே. மற்றவர்களுக்கு வயிறு எரியும், யாரிடமும் மூச்சுவிடாதே என்று அவர் அப்போதே சொன்னார்."

பொறாமை உண்மைதானே! அன்று மாலை வரகன் வீம்புக்குப் பனை உச்சியில் ஏறி உட்கார்ந்தான். இதையும் திருடிப் பார் என்று தொண்டை கிழியப் பாடினான்.

"ஒற்றைக்கால் அழகியே, நொண்டி நொண்டி என்னிடம் வா!"

மறுநாள் காலையில் சிறுமணி இரையோடு போனாள். வரகன் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். புதர் பாடியது: "ஒற்றைக்கால் அழகியே..."

சிறுமணி குனிந்து தன் கால்களைப் பார்த்தாள்.

"எனக்கு இரண்டு காலும் நன்றாகத்தானே இருக்கின்றன? என்னைப் பார்த்துத்தான் பாடுகிறீர்களா?"

"காய்ச்சலில் உளறிவிட்டேன், கண்ணே. உயிர் போகிறது. உடனே உள்ளே வா. தனியாக வா" என்றது குரல்.

அவள் ஒரு காலை எடுத்து வைத்தாள். வரகன் கிளைக்குக் கிளை தாவி நெருங்கினான். அவள் நின்றாள்.

"முதலில் உங்கள் முகத்தைக் காட்டுங்கள்."

"அன்பு இருந்தால் இப்படிக் கேட்பாயா?"

சிறுமணி வெளிக்கிளையை அலகால் கவ்விப் பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். புதர் விலகியது. முட்களில் அவள் கொண்டுவந்த வெட்டுக்கிளிகள் குத்தப்பட்டுத் தொங்கின. பக்கத்திலேயே சின்னஞ்சிறு குருவிச் சிறகுகள். நடுவில், கண்ணை மறைத்த கறுப்புப் பட்டையும் வளைந்த அலகுமாக, கேட்ட குரலில் பாடி ஏய்த்து இரையை முள்ளில் குத்திவைக்கும் ஒரு கீச்சான். அதன் சிறகு இரண்டும் ஒடியாமல் இருந்தன.

கீச்சான் பாய்ந்தது. சிறுமணியின் வாலிறகு அதன் அலகில் சிக்கியது. வரகன் கீச்சிட்டுக்கொண்டு அதன் முகத்தில் போய் மோதினான். அது தடுமாறிய நொடியில் இருவரும் தப்பினார்கள்.

பனைக்கு வந்ததும் அவள் பிய்ந்த வாலை அலகால் கோதினாள். "வெட்கமாக இருக்கிறது, வரகா."

'நான்தான் சொன்னேனே' என்ற வார்த்தை அவன் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். "ஏமாற்றியவனல்லவா வெட்கப்பட வேண்டும்?" என்றான். ஆனாலும் உள்ளே புகைந்தது. "என் பாட்டு அவன் வாயில் மட்டும் எப்படி இனித்தது?"

சிறுமணி யோசித்தாள். "உன்னைப் பார்த்திருக்கிறேன். உன் குறை தெரியும். அவனைப் பார்க்கவே இல்லை. குறையே இல்லாத ஒருவனை நானாக உண்டாக்கிக்கொண்டேன்."

பிறகு சொன்னாள்: "இனி யார் பாட்டையும் நம்பமாட்டேன். உன் பாட்டையும்தான். கூட்டைக் கட்டிக் காட்டு."

வரகன் அவசர அவசரமாகப் பின்னினான். பாதி முடிந்ததும் அவள் நாரைக் கவ்வி இழுத்தாள். கூடு பிய்ந்து தண்ணீரில் விழுந்தது. பக்கத்து ஓலையில் இன்னொரு ஆண்குருவி சிரித்தது. வரகனுக்குக் கோபம் வந்தது, ஆனால் பாடவில்லை. மறுபடி நார் கிழிக்கப் போனான். இந்தத் தடவை அவள் தொங்கி இழுத்தும் கூடு அசையவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை ஆண் தூக்கணாங்குருவி கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் காத்திருக்கிறது. அது எவ்வளவு இனிமையாகப் பாடினாலும், பெண்குருவி உள்ளே நுழைந்து நாரை இழுத்துப் பார்க்காமல் சரி என்று சொல்வதில்லை.