வேப்பங்காய் தின்ற எருமை

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சீலாயி எருமைக்கு எப்போதும் பயம். அதனால் காட்டோரக் குளத்தில் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டிவிடுவாள்.

அவள் முதுகில் உண்ணி பொறுக்கும் கொக்கு ஒருநாள் கூவியது. "அடி சீலாயி! உன் வயிற்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றனவாம்! உன் புல்லை அவைதான் முதலில் தின்கின்றனவாம்!"

"ஐயையோ! உண்ணியா?"

"உன்னிடம் ஒட்டித் தின்றால் உண்ணிதானே! வேப்பங்காய் தின்று விரட்டு!"

கொக்குக்கு உண்ணியைத் தவிர வேறொன்றும் தெரியாது. சீலாயி அதை யோசிக்கவில்லை. வேப்பமரத்தடியையே துடைத்துத் தின்றாள்.

பிறகு மேய்ந்த புல் வயிற்றில் கல்லாய்க் கிடந்தது. அசைபோட வரவில்லை. மடி வற்றியது. கன்று முட்டி முட்டிப் பார்த்துக் கத்தியது.

அப்போது வயிற்றுக்குள்ளிருந்து மெல்லிய குரல் கேட்டது. "போதுமா? இனி நீயே புல்லைச் செரித்துக்கொள்!"

"நீ யார்? புழுவா, பூச்சியா?"

"இரண்டும் இல்லை! கொக்கு சொன்ன கண்ணுக்குத் தெரியாத உயிர்களில் ஒருத்தி. உயிர்கள் எல்லாம் ஒரே மரம். நீயும் கொக்கும் அதில் பக்கத்துப் பக்கத்துக் கொழுந்துகள். குளத்து அல்லியும் உங்கள் பெருங்கிளைதான்."

"அல்லி எனக்குச் சொந்தமா!"

"ஆமாம். ஆனால் நானும் இதே வயிற்றில் இருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரியும் வேறு வேறு பெருங்கிளை. பார்வைக்கு ஒன்றுபோல் இருப்போம். உனக்கும் அல்லிக்கும் உள்ள தூரத்தைவிட எங்களுக்குள் தூரம் அதிகம். இருந்தும் ஒரே வயிற்றில் கூடிப் புல்லை உடைத்து உனக்குச் சத்தாக்கினோம். பாதிப் பேரைக் கொன்றுவிட்டாயே!"

சீலாயிக்குக் கண் கலங்கியது. "என் கன்று பிழைக்க வழி சொல்லேன்!"

"நல்ல எருமை அசைபோட்ட கவளம் ஒன்று வாங்கித் தின். எங்கள் சனம் அதில் வரும்."

எச்சிலைக் கேட்பதா? அதுவும் நாத்தனார் கொம்பியிடமா? தப்பாகச் சொல்லித் தொலைத்தால்? கன்று மறுபடி கத்தியது. சீலாயி நடந்தாள்.

"அண்ணி... உங்கள் வாயில் இருப்பதில் கொஞ்சம்..."

"வேப்பங்காய் தின்ற வாய்க்கு என் எச்சில் இனிக்குமோ!" என்று கொம்பி சிரித்தாள். ஆனாலும் கன்றைப் பார்த்துவிட்டுக் கவளத்தைத் துப்பித் தந்தாள்.

மெல்ல மெல்ல அசை திரும்பியது. பாலும் சுரந்தது.

கொக்கு மறுபடி வந்தது. "சீலாயி, உன் குடலில் இன்னும்..."

சீலாயி இந்த முறை தலையாட்டவில்லை. காது இரண்டும் மறையக் குளத்தில் முங்கிக்கொண்டாள்.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக எந்த உயிரையும் பகை என்று விரட்டாதீர்கள். நாம் உண்ணும் சோறே அதன் தயவில் செரிக்கலாம்.