உடும்புப்பிடி விட்டது ஏன்?

சடுகுடுப் பைத்தியம் பிடித்த காடு ஒன்று இருந்தது, பிள்ளைகளே. ஆட்டம் என்றால் அங்கே இரையும் மறந்துபோகும், தூக்கமும் மறந்துபோகும்.

அந்தக் காட்டு அணியில் எதிராளியைப் பிடிப்பது உடும்பின் வேலை. அது பிடித்த காலை யாரும் மீட்டுக்கொண்டு போனதில்லை. 'உடும்புப்பிடி' என்று ஒரு சொல்லே உண்டாகிவிட்டது.

அன்று அக்கரைக் காட்டோடு இறுதி ஆட்டம். ஆற்றைக் கடந்து வந்திருந்த முயல், "சடுகுடு சடுகுடு" என்று மூச்சடக்கிப் பாடியபடி உள்ளே பாய்ந்தது. உடும்பு அதன் காலைப் பற்றியது. காடே எழுந்து நின்று கத்தியது. மறுநொடி, முயல் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது! ஆட்டம் போயிற்று.

"விட்டுட்டான்டா!" என்று ஒரு குரல் எழுந்தது. அதன்பிறகு 'தோற்றோம்' என்று யாரும் சொல்லவில்லை. 'விட்டான்' என்றே சொன்னார்கள்.

"ஆட்டத்துக்கு முன்னால அக்கரையைப் பார்த்துத் தலையாட்டினானே, கவனிச்சீங்களா? அப்பவே பேரம் முடிஞ்சாச்சு," என்றது நரி.

"பேரமாவது மண்ணாவது! வயிறு முட்டத் தின்னக் கொடுத்திருப்பாங்க. அந்தத் தொந்தியைப் பாருங்க!" என்றது காகம்.

"அட, அதில்லை," என்றது மயில். "இப்போ எல்லார் வாயிலும் யார் பேரு? அவன் பேருதானே? அதுக்குத்தான் விட்டான்."

தலைவரான யானை காதை வீசியபடி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது: "துரோகம்னா காட்டை விட்டுப் போகணும். பொழுது சாயறதுக்குள்ள முடிவு சொல்றேன்."

'துரோகி' என்று கத்தியவர்களில் அணிலும் உண்டு. ஆனாலும் அதற்கு மனசுக்குள் ஒரு அரிப்பு. விட்டது ஒரே பிடி. காரணம் மட்டும் எப்படி மூன்று?

ஓடிப்போய்ப் பார்த்தது. புற்றடியில் உடும்பு குப்புறக் கிடந்தது.

"அண்ணே, சின்ன உருவமாச்சேன்னு முயலைப் பாவம் பார்த்து விட்டீங்களா?"

"பாவமா! ஜெயிக்கணும்னுதானே பிடிச்சேன்? ஆத்துல நனைஞ்ச கால். வழுக்கிடுச்சு தம்பி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அணிலுக்குச் சப்பென்று போய்விட்டது. ஏன் சப்பென்று போகவேண்டும் என்று வாலைச் சொறிந்துகொண்டே யோசித்தது. வரும் வழியிலேயே ஓர் இரக்கக் கதையை அது தானே கட்டி வைத்திருந்ததல்லவா? இப்போது அதற்கு வேறொன்றும் புரிந்தது. ஒரே ஓட்டமாகச் சபைக்குத் திரும்பியது.

"கால் ஈரமாம். வழுக்கிடுச்சாம்," என்றது.

"உடும்புப்பிடி வழுக்குமாம்! நல்லாக் காதுல பூ சுத்துறான்!" என்று கூட்டம் சிரித்தது.

"சரி, அது கிடக்கட்டும். நரியண்ணே, அந்த இடத்துல நீங்க இருந்தா எதுக்குக் காலை விடுவீங்க?"

"நானா? பேரம் படிஞ்சாத்தான். சும்மா விட நான் என்ன முட்டாளா?"

"காக்காயக்கா, நீங்க?"

"வயிறு நிறையாம நான் எதையும் விடமாட்டேன்பா."

"நாலு பேர் என்னையே பார்ப்பாங்கன்னா..." என்று தொடங்கிய மயில், பாதியில் விழுங்கிக்கொண்டது.

யானையின் காதுகள் அசைவது நின்றது.

"இவ்வளவு நேரம் உடும்பைப் பத்திப் பேசறீங்கன்னு நினைச்சேன். உங்களைப் பத்தித்தானே பேசியிருக்கீங்க! அணிலே, உடும்பை நாளைக்கு ஆட வரச் சொல்லு."

நீதி: அடுத்தவர் மனத்தில் இருப்பதாக நாம் சொல்லும் காரணம், பல நேரம் நம் மனத்தில் இருப்பதே.