ஜோடி சேராத பெட்டி

எங்கள் ஊர் சங்கீத சபாத் தலைவர் வைத்தமாநிதிக்குத் தம் காதைப் பற்றி ரொம்பப் பெருமை. பாட்டுப் போட்டிக்கு அவர்தான் நடுவர். அந்தக் காது சொன்னால் அப்பீலே கிடையாது.

போட்டியன்று காலையில் சோதனைக்கு ஒரு பாட்டைப் போடச் சொல்லி முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். இடப்பக்கம் கறுப்பு ஸ்பீக்கர், வலப்பக்கம் பழுப்பு ஸ்பீக்கர். வந்ததே கோபம்!

"ஏண்டா சவரிமுத்து, ஜோடி இல்லாததைக் கொண்டுவந்து வச்சிருக்கியே! கறுப்புப் பெட்டி ஊமையா இருக்கு. சாயங்காலத்துக்குள்ள ஒரே அச்சுல ரெண்டு பெட்டி வரலேன்னா உனக்கு இங்க வேலை கிடையாது!"

மைக்செட் சவரிமுத்து திருகாத திருகு இல்லை. கறுப்பு ஊமைதான், தலைவருக்கு மட்டும்.

"ஐயா, ஒரு தடவை மேடைக்கு முதுகு காட்டி உக்காருங்க."

தலைவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு ஓடியது. சவரிமுத்து எதையும் தொடாமல் கைகட்டி நின்றான்.

"பாவி! இப்போ கறுப்பு கணீர்னு கேக்குது, பழுப்பு ஊமையாயிடுச்சு! என்னடா பண்ணித் தொலைச்சே?"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க. பெட்டி ரெண்டும் வச்ச இடத்துலதான் இருக்கு. திரும்பினது நீங்கதான். ஜோடி சேராதது உங்க காதுதாங்க."

பயத்தில் அங்கிருந்த யாரும் சிரிக்கவில்லை. ஆனால் சாயங்காலம் பாட வந்த அத்தனை பேரும் தலைவருக்கு வலப்பக்கமாக உட்கார அடித்துக்கொண்டார்கள்.