தணிகை நிறுத்திய வண்டி

“இந்த டிராக்டர் இனிமே கிளம்பாதும்மா. பழைய இரும்புக்குப் போட்டுடலாம்,” என்றார் பொன்னுரங்கம்.

உமையாள் அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்திப் பார்த்தார். உருண்டை உதிராமல் நின்றது.

“ஈரம் இன்னும் இருக்கு அய்யா.”

மலையடிவாரத்தில் இருந்தது அவருடைய ஆசிரமம். பசியோடு வருகிற யாருக்கும் அங்கே சோறு உண்டு. போன வருஷம் மழை பொய்த்து, பாதி நாள் அடுப்பு எரியவில்லை. இந்த வருஷம் நல்ல மழை. காய்வதற்குள் உழுது கடலை போட்டாக வேண்டும்.

டிராக்டர் பொன்னுரங்கம் கொடுத்தது. மகன் தணிகை இறந்த பிறகு, அதை இன்னொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துவந்து விட்டார். பின்னாலேயே தானும் வந்து சீடராகச் சேர்ந்தார். அம்மா அவரைவிட வயதில் இளையவர். “மனசு அடங்க மாட்டேங்குது” என்று மட்டும் அன்று பொன்னுரங்கம் அம்மாவிடம் சொன்னார். அம்மா மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது அம்மா டிராக்டர் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் வந்து உட்கார்ந்தார்.

“என்னென்ன பார்த்தீங்க?”

“பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தினேன். டேங்க்கைக் கழுவி புது டீசல் ஊத்தினேன். ஃபில்டர் மாத்தினேன். பைப்புல அடைச்சிருந்த காத்தை எடுத்துவிட்டேன்.”

“அப்புறமும் ஏன் கிளம்பல?”

“டீசல் இன்ஜினுக்குள்ள இறங்கல.”

“பார்க்காதது ஏதாவது இருக்கா?”

பொன்னுரங்கம் துணியில் கையைத் துடைத்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“ஒண்ணு இருக்கு. ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு குமிழ். அதை வெளியே இழுத்தா டீசல் நின்னு இன்ஜின் அணைஞ்சிடும். மறுபடி உள்ள தள்ளினாத்தான் கிளம்பும்.”

“இப்போ?”

“வெளியே இருக்கு.”

“இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?”

“எப்பவுமே தெரியும்மா.”

அம்மா எழுந்து வந்து அதைத் தள்ளிவிடுவாரோ என்று அவருக்கு பயமாக இருந்தது. அம்மா அசையவில்லை.

“அது தணிகை இழுத்தது,” என்றார் பொன்னுரங்கம். “அவன் கை கடைசியா பட்டது அதுலதான். இறங்கிப் போயி பனைமரத்தடியில ஒதுங்கினான். இடி விழுந்துடுச்சு.”

“எதுக்காக நிறுத்தினான்?” என்று கேட்டார் அம்மா.

“மழை வந்துச்சு.”

“நிறுத்தும்போது ஏதாவது சொன்னானா?”

“சொன்னான். நான் வரப்புல நின்னிருந்தேன். ‘மழை விடட்டும்பா, மிச்சத்தை...’”

அம்மா காத்திருந்தார்.

“‘மிச்சத்தை ஓட்டிடலாம்’னான்.”

அம்மா எழுந்து, விதைக்கடலை எடுத்துவர உள்ளே போனார்.

பொன்னுரங்கம் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குமிழின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார்.

தள்ளினார்.

முதல் உழவுச்சாலிலேயே அழ ஆரம்பித்தார். வண்டியை நிறுத்தவில்லை.