இரண்டாம் ஞானஸ்நானம்

"எனக்கு எப்ப சாமி ஞானஸ்நானம் குடுப்பீங்க?" என்று கேட்டார் கிதியோன்.

"குடுக்க மாட்டேன்," என்றார் பங்குக் குரு கஸ்பார் சாமி.

காலைப் பூசை முடிந்திருந்தது. பங்குவீட்டின் பின்பக்கம் நின்று சாமி தன் வெள்ளை அங்கியைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கிதியோனுக்கு ஐம்பத்து நான்கு வயது. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

கிதியோன் பிறந்து வளர்ந்தது உள்நாட்டில், சி.எஸ்.ஐ. என்னும் சீர்திருத்தச் சபையில். உப்பளத்தில் மேற்பார்வை வேலை கிடைத்து இந்தக் கடற்கரை ஊருக்கு வந்தவர். ஒரு ஞாயிறு மழைக்கு ஒதுங்கக் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நுழைந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நீ யார் மகன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு மழை இல்லை. அப்போதும் வந்தார்.

அது போன வருஷம்.

"ஜெபமாலை சொல்லப் படிச்சிட்டேன். எங்க எந்திரிக்கணும், எங்க முழங்கால் போடணும், எல்லாம் தெரியும். இன்னும் எனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. இந்த ஈஸ்டர் பாஸ்காவுக்கே உங்கள சேத்துக்கிடலாம். பாவசங்கீர்த்தனம் பண்ணணும். எல்லார் முன்னாலயும் விசுவாசத்தச் சொல்லணும். உறுதிபூசுதல் உண்டு, நற்கருணை உண்டு. ஞானஸ்நானம் மட்டும் கிடையாது."

"ஏன்?"

"அதான் வாங்கியாச்சே."

"அது சபையில வாங்குனது."

"தண்ணீர்லதான?"

"ஆமா."

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேராலதான?"

"ஆமா."

"அப்ப முடிஞ்சுது. ஒரு ஆளுக்கு ஒண்ணுதான். ரெண்டாவது குடுத்தேன்னா பிஷப் என்னைய மலைமேல ஏதாவது பங்குக்குத் தூக்கிப் போட்டிருவாரு."

அடுக்களைக்குள் இருந்து சந்தனமேரியின் குரல் வந்தது. பங்குவீட்டில் சமைப்பவள் அவள்.

"உப்பளத்துல நிக்கிற ஆளு சாமி. ரெண்டு தடவை குளிச்சாத்தான் போகும்."

சாமி சிரித்தார். கிதியோன் சிரிக்கவில்லை. அவர் இன்னொன்று வைத்திருந்தார்.

"ஆனா அத்தாட்சி இல்ல சாமி. போன வாரம் ஊருக்குப் போய்க் கேட்டேன். அந்தக் காலத்துப் பதிவேடு பூராத்தையும் கரையான் தின்னுட்டு."

சாமி அவர் முகத்தைப் பார்த்தார். கரையானால் இவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அத்தாட்சி இல்லன்னா சந்தேகம். சந்தேகம்னா நீங்க குடுக்கலாம்லா? புஸ்தகத்துல படிச்சேன்."

"சரியாத்தான் படிச்சிருக்கீங்க. ஆனா அதுக்கு முன்ன சாட்சி உண்டான்னு பாக்கணும். நேர்ல கண்ட ஒரு ஆள் வந்து சொன்னாப் போதும். ஞானத்தகப்பன், ஞானத்தாய் இருக்காங்களா?"

"செத்துப் போயாச்சு."

"அம்மா?"

"போயாச்சு."

"ஞானஸ்நானம் குடுத்த ஐயர்?"

சபைக் குருவை ஐயர் என்பது வழக்கம். கிதியோன் கொடியில் தொங்கிய அங்கியைப் பார்த்தார்.

"அவரும் போயாச்சா?"

"இருக்காரு."

"எங்க?"

"ஊர்ல. என் தங்கச்சி வீட்ல."

சாமி கொடியிலிருந்து கையை எடுத்தார்.

"உங்க தங்கச்சி வீட்ல ஐயருக்கு என்ன வேலை?"

"அவரு எங்க அப்பா."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

கிதியோன் சொன்னார். நின்றுகொண்டே சொன்னார்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. சபைக்கு அப்பாதான் குருவானவர். சற்குணம் ஐயர் என்றால் வட்டாரம் முழுக்கத் தெரியும். அந்த வருஷம் கடற்கரையில் கத்தோலிக்கர்களின் மாதா தேரோட்டம் பார்க்கப் போன இடத்தில், சபைக்கு ஆகாத காரியம் என்று தெரிந்தும், கிதியோனும் வடத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். ஆலயத்தில் மணியடிக்கிறவர் அதைக் கண்டு ஊரெல்லாம் சொன்னார். கிதியோன் அவரைத் தெருவில் வைத்து அறைந்தார்.

தேரை இழுத்ததற்கு அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அறைந்ததற்கு மன்னிப்புக் கேள் என்றார். கிதியோன் கேட்கவில்லை.

ஞாயிறு திருவிருந்து. பீடத்தின் முன்னால் எல்லோரும் வரிசையாக முழங்காலில் நின்றார்கள். அப்பா அப்பத்தட்டோடு வந்தார். அம்மாவின் கையில் வைத்தார். அடுத்தது கிதியோன். கையை நீட்டியிருந்தார்.

அப்பா அந்தக் கையைத் தாண்டிப் போய் அடுத்த கையில் வைத்தார்.

"ஊரே பாத்துச்சு சாமி. நான் அப்படியே கைய நீட்டிக்கிட்டு நின்னேன். எப்ப மடக்கணும்னு தெரியல."

அதற்குப் பிறகு அப்பாவோடு பேச்சு இல்லை. அம்மாவின் அடக்கத்தில்கூடப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"அந்தக் கைதான் என் தலையில பட்டிருக்கு. எனக்கு அது வேண்டாம். வேற கையால வாங்கிக்கிடுதேன்."

சாமி அங்கியின் சுருக்கத்தை இழுத்துவிட்டார்.

"பெந்தெகொஸ்தே சபையில கேட்டா நாளைக்கே ஆத்துல முக்கி எடுப்பாங்க."

"எடுப்பாங்க. பத்தரைக்கு பஸ் இருக்கு."

"உங்ககிட்ட ஒரு பதிலும் இல்லையா?"

"இருக்கு. சாட்சியக் கூட்டிட்டு வாங்க."

"அவரா? ரோமச் சபைன்னு சொன்னாலே வாயக் கொப்பளிப்பாரு."

"கொப்பளிக்கட்டும். சந்தனமேரி கழுவி விடுவா."

"நான் எதுக்குக் கழுவணும்?" என்றாள் உள்ளிருந்து.

கிதியோன் செருப்பை மாட்டினார்.

"நீங்களும் அவரும் ஒண்ணுதான் சாமி. அவரு அப்பம் தரல. நீங்க ஞானஸ்நானம் தரல."

"ஆமா," என்றார் சாமி.

கிதியோன் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

ஈஸ்டருக்கு முந்திய தவசுக்காலம் போய்க்கொண்டிருந்தது. கிதியோன் கோயிலுக்கு வரவில்லை. சபைக்கும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார்.

தனக்கு வேண்டியது கத்தோலிக்கமா, அல்லது அப்பா இல்லாத ஓர் இடமா என்று யோசித்தார். முதலாவதுதான் என்று தோன்றிய நாட்கள் உண்டு. அந்த நாட்களில் எழுந்து சட்டையைப் போடுவார். பிறகு கழற்றுவார்.

அவர் மனைவி பியூலா சபையிலிருந்து திரும்பி வந்து பார்த்தாள்.

"உங்க அப்பாகிட்ட போகப் பயந்து இப்ப ரெண்டு பக்கமும் இல்லாம ஆயிட்டீங்க. சும்மாதான இருக்கீங்க, தேங்காயாவது திருவித் தாங்க."

கிதியோன் தேங்காய் திருவினார். மறுநாள் ஊருக்கு பஸ் ஏறினார்.

தங்கை லேயாளின் வீட்டில் முன்னறை நாற்காலியில் அப்பா இருந்தார். பார்வை போய்விட்டிருந்தது. ஆனால் சவரம் செய்திருந்தார். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தார்.

"யாரு?"

"கிதியோன்."

அப்பா தலையைக் கொஞ்சம் திருப்பினார்.

"லேயா, ஒரு நாற்காலி எடுத்துப் போடு."

லேயாள் நாற்காலி போட்டாள். தேநீர் கொண்டுவந்தாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவை மூடவில்லை.

"நான் ஆர்.சி.ல சேரப் போறேன்," என்றார் கிதியோன்.

"கேள்விப்பட்டேன். ஒனக்கு அன்னைக்கே வடத்து மேல ஒரு கண்ணு."

"அதுக்காக இல்ல."

"பின்ன எதுக்கு?"



"அங்க முழங்கால் போட்டா எனக்கு எந்திரிக்க மனசு வரல."

அப்பா அதைக் கேட்டுக்கொண்டார். தேநீரைத் தேடிக் கையை நீட்டினார். கிதியோன் எடுத்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பதற்குள் அவரே எடுத்துவிட்டார்.

"அங்க ஒனக்கு மறுபடி ஞானஸ்நானம் குடுப்பாங்களோ?"

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் தம்ளர் வாயருகே அப்படியே நின்றது.

"நான் கேட்டேன். முடியாதுன்னுட்டாங்க. நீங்க குடுத்ததே செல்லுமாம்."

"நீயாக் கேட்டியா?"

"ஆமா."

"நான் குடுத்தது வேண்டாம்னா?"

"ஆமா."

அப்பா தேநீரைக் குடிக்காமல் கீழே வைத்தார்.

வெளியே யாரோ ஆட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"அன்னைக்கு ஒன் கையத் தாண்டிப் போனேன்லா," என்றார் அப்பா. "சரின்னு நெனச்சுத்தான் செஞ்சேன். ஒங்கம்மா சாகுற வரைக்கும் சரிதானான்னு கேட்டா. சரிதான்னு சொன்னேன். இப்ப கேக்க ஆள் இல்ல. இப்ப நான்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

கிதியோன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மணியடிக்கவர்கிட்ட நான் அந்த வாரமே மன்னிப்புக் கேட்டுட்டேன்," என்றார். "உங்ககிட்டதான் சொல்லல."

"சொல்லிருக்கலாம்."

"நீங்க விசாரிச்சிருக்கலாம்."

"ஆமா. விசாரிச்சிருக்கலாம்."

பிறகு கிதியோன் வந்த விஷயத்தைச் சொன்னார். பதிவேடு இல்லை. கண்ட ஆள் வேறு யாரும் உயிரோடு இல்லை. ஒரு வார்த்தை சாட்சி வேண்டும்.

"என் வார்த்தை அந்தச் சாமிக்குப் போதுமாமா?"

"போதுமாம். கூட்டிட்டு வரச் சொன்னாரு. உங்களுக்கு முடியலன்னா போன்ல சொன்னாலும் சம்மதிப்பாரு."

"சாட்சியப் போன்லயா சொல்லுவான்?" அப்பா கைத்தடியைத் துழாவினார். "நீ அங்க போறது எனக்குப் பிடிக்கல. அது வேற. லேயா, என் கோட்டு எங்க கெடக்கு?"

வாடகைக் காரில் வந்தார்கள். சாலையின் குழிகளில் கார் குலுங்கியபோது கிதியோன் அப்பாவின் முழங்கையைப் பிடித்தார். குழி தாண்டியதும் விட்டார்.

கஸ்பார் சாமி வாசலுக்கே வந்து நின்றார்.

"ஸ்தோத்திரம் ஐயா," என்றார். அது சபைக்காரர்களின் வணக்கம்.

அப்பா அந்தக் குரல் வந்த பக்கம் சிறிது நேரம் முகத்தை வைத்திருந்தார்.

"ஸ்தோத்திரம்," என்றார்.

உள்ளே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அப்பா சுவரைத் தடவினார்.

"இங்க சுரூபம், சிலை ஏதும் இருக்கா?"

"ஒங்களுக்கு வலதுகைப் பக்கம் மாதா இருக்காங்க," என்றாள் சந்தனமேரி.

அப்பா நாற்காலியைக் கொஞ்சம் இடதுபக்கம் நகர்த்தினார்.

"மாதா கடிக்க மாட்டா ஐயரே."

"தெரியும்மா. நானும் கடிக்க மாட்டேன்," என்றார் அப்பா.

சாமி எதிரில் உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"ஐயா, இது ஒங்க மகன் கிதியோன். இவருக்கு ஞானஸ்நானம் குடுத்தது நீங்கதானா?"

அப்பா கைத்தடியின் மேல் இரண்டு கைகளையும் வைத்தார். யோசித்தார்.

"இல்ல," என்றார்.

சாமி நிமிர்ந்து பார்த்தார். சந்தனமேரி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இது போதும். சாட்சி இல்லை என்று ஆகிவிட்டது. இனி சாமியால் மறுக்க முடியாது. ஒரு வருஷமாகக் கிதியோன் கேட்டுக்கொண்டிருந்தது இந்த ஒரு வார்த்தையால் கிடைத்துவிட்டது.

ஆனால் கிதியோன் அப்பாவின் காலடியில் குனிந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அப்படிச் சொல்லாதீங்க. நீங்கதான் குடுத்தீங்க. சொல்லுங்கப்பா."

"சும்மா இருல. சாமி கேட்டதுக்குச் சரியாப் பதில் சொல்லணும்லா?"

அப்பா சாமி இருந்த பக்கம் திரும்பினார்.

"தண்ணீர் ஊத்துனது நான். குடுத்தது நான் இல்ல, கர்த்தர்."