காலையில் கத்தினால் சாயங்காலம்

மந்தைப்புதூரில் செங்கோடன், நாச்சிமுத்து, அப்புக்குட்டி என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பசு, பெயர் சிவலை. மூவருக்கும் சேர்த்து மூளையும் ஒன்று இருந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே வேண்டியதில்லை.

சிவலைக்குச் சினை பிடிக்கவில்லை. சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? பசு பருவத்துக்கு வந்து கத்தினால் இந்த மகராசன்கள் வளர்பிறைக்குக் காத்திருந்து, நல்ல நேரம் பார்த்து, அது கத்தி ஓய்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போவார்கள்.

செங்கோடனின் மனைவி பாவாத்தாளுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தத் தடவையும் சினை நிக்கலைன்னா சந்தையில யாவாரிகிட்டப் புடிச்சுக் குடுத்துருவேன், ஆமா!"

மூவரும் சிவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். சிவலை அப்புக்குட்டியின் துண்டைத் தின்றது.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "காலையில கத்தினா சாயங்காலம் கூட்டிட்டு வாங்க. சாயங்காலம் கத்தினா மறுநாள் காலையில. நாளு கிழமை பார்க்காதீங்க. புரிஞ்சுதா?"

புரிந்துவிட்டது. அதுதான் வினையே.

அடுத்த பருவத்தில் ஒரு காலை சிவலை கத்தியது. மூவரும் சாயங்காலம் வரை காத்திருந்து ஓட்டிப் போனார்கள். ஆஸ்பத்திரி கேட்டில் கால் வைக்கிற நேரம், சிவலை மறுபடியும் "ம்மா" என்றது.

"நில்லுங்கண்ணா," என்றான் நாச்சிமுத்து. "இப்ப என்ன நேரம்?"

"சாயங்காலம்."

"சாயங்காலம் கத்தினா?"

"மறுநாள் காலையில."

"அப்பத் திருப்புங்க மாட்டை."

அப்புக்குட்டிக்கு மட்டும் லேசாக உறுத்தியது. "வந்ததுதான் வந்துட்டோம், உள்ள போய் ஒரு வார்த்தை கேட்டா என்னங்கண்ணா?"

"படிச்சவங்க சொன்னதுக்கு மேல உனக்கென்னடா கேள்வி?" என்று செங்கோடன் அதட்டினான்.

மறுநாள் காலையில் வந்தார்கள். அதே கேட்டு, அதே "ம்மா". மூவரும் பேசாமல் மாட்டைத் திருப்பினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்த டாக்டரம்மா, கையில் மாட்டிய உறையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தார்.

"எங்கய்யா போறீங்க?"

"காலையில கத்திருச்சுங்கம்மா. சாயங்காலம் வர்றோம்."

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். உறையில் ஒட்டியிருந்த சாணியைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். கயிற்றைப் பிடுங்கி மாட்டை உள்ளே இழுத்துப் போய் ஊசியைப் போட்டார்.

"சினை நின்னுட்டா இனிமே கத்தாது. கத்தினா நிக்கலைன்னு அர்த்தம். முன்ன சொன்ன மாதிரியே கூட்டிட்டு வாங்க."

சிவலை கத்தவில்லை. மாதங்கள் போகப் போக வயிறு பெருத்தது, மடி இறங்கியது. பாவாத்தாள் பால் கறக்கப் புதுச் செம்பே வாங்கிவிட்டாள். வாங்கி வைத்துவிட்டு, அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போனாள். போன அன்று காலையில் சிவலை பெருங்குரலில் கத்தியது.

மூவரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

"ஐயோ, இத்தனை மாசம் நின்ன சினை இன்னிக்குப் போயிருச்சே!"

"அண்ணி வந்தா வித்துப்புடுவாங்களே!"

"பதறாதீங்கடா. காலையிலதான கத்துது? சாயங்காலம் போனாப் போதும்."

வாசலில் வரிசையாக உட்கார்ந்து பொழுது இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் கட்டுத்தரையில் சிவலை கத்திக் கத்தி ஓய்ந்தது.

"மத்தியானம் கத்தினா என்ன பண்றதுன்னு டாக்டரம்மா சொல்லலையேண்ணா?"

"சொல்லாததை நாம எதுக்குடா காதுல வாங்கணும்?"

சாயங்காலம் ஆனதும் அவிழ்த்து ஓட்டினார்கள். நல்லவேளை, கேட்டில் அது கத்தவில்லை. செங்கோடன் டாக்டரம்மாவின் முன்னால் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

"கத்திருச்சுங்கம்மா. மறுபடி ஊசி போடுங்க. இல்லைன்னா எங்க வீட்டுக்காரி இவளை வித்துப்புடுவா."

டாக்டரம்மா சிவலையைப் பார்த்தார். சிவலைக்குப் பின்னால் பார்த்தார். "ஏங்க, அது என்ன?"

"யாரு வீட்டுக் கன்னோ தெரியலைங்க. கட்டுத்தரையில இருந்து தள்ளாடித் தள்ளாடிப் பின்னாலயே வருது. எவ்வளவு துரத்தினாலும் போக மாட்டேங்குது. அதை விடுங்க, நீங்க ஊசியப் போடுங்க."

ஈரம் காயாத அந்தக் கன்று மெல்ல வந்து சிவலையின் மடியை முட்டியது. அப்புக்குட்டி அலறினான்.

"அண்ணா, சீக்கிரம் ஊசி போடச் சொல்லுங்க! ஊரான் கன்னு நம்ம பாலைக் குடிச்சே தீர்த்துரும்!"